பண்ருட்டி வட்டாரத்து ஊர் வரலாறு: கல்லும் கணக்கும் நினைவும்

முன்னுரை

நாட்டு வரலாறு என்பது ஊர் வரலாறுகளின் தொகுதியே ஆகும். பேரரசர்தம் வெற்றிகளும் வீழ்ச்சிகளும் ஏதேனும் ஓர் ஊரின் வயலிலோ ஆற்றங்கரையிலோ நிகழ்ந்தனவே. அவற்றை நாம் அறிதற்குக் கருவியாய் அமைந்த கல்வெட்டுகளும் ஏதேனும் ஓர் ஊர்க்கோயிலின் சுவரில் பொறிக்கப்பெற்றனவே. ஆதலின், ஊர் வரலாற்றைப் பெருவரலாற்றின் சிறு கிளை எனக் கருதுதல் பொருந்தாது. வேர் எனக் கருதுதலே பொருந்தும்.

இவ்வுண்மையைத் தமிழறிஞர் நெடுநாட்கு முன்னரே உணர்ந்தனர். ரா. பி. சேதுப்பிள்ளை அவர்களின் 'தமிழகம் ஊரும் பேரும்' 1946-ஆம் ஆண்டில் வெளிவந்து, ஊர்ப்பெயரும் வரலாற்று ஆவணமே என்பதைக் கற்றோர்க்கேயன்றி மற்றோர்க்கும் விளக்கிற்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பணியாற்றிய தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அவர்கள் பிற்காலச் சோழர் சரித்திரத்தை எழுதியதோடு அமையாது, திருப்புறம்பயம், செம்பியன்மாதேவி ஆகிய தனி ஊர்களுக்கும் வரலாறு எழுதினார்கள். மேலைநாட்டிலும் இத்தகைய முயற்சி அக்காலத்தே வலுப்பெற்றது. இங்கிலாந்திலுள்ள லெஸ்டரில் ஊர் வரலாற்றுக்கெனத் தனித்துறை 1948-இல் தோன்றிற்று. அதனை முன்னின்று அமைத்த ஹாஸ்கின்ஸ் என்பார், வயலின் வரப்பும் வழியின் வளைவும் மேடும் பள்ளமும் ஏட்டைப் போன்றே படிக்கத்தக்கன என்பதை 1955-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார்.

இக்கட்டுரையில் கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டி வட்டாரத்தை எடுத்துக்கொண்டு, அங்கு ஊர் வரலாற்றை ஆராயும் முறையினையும் பேணும் முறையினையும் காண்பாம். இவ்வட்டாரத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. கல்லில் எழுதப்பெற்ற ஊர், கணக்கில் எழுதப்பெற்ற ஊர், மக்கள் நினைவில் மட்டும் எஞ்சிய ஊர் என்னும் மூவகை ஊர்களும் இங்கு அருகருகே அமைந்துள்ளன. இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கினாலன்றி, ஆராய்ச்சியாளர்தம் உழைப்பு எவ்விடத்து முந்துற வேண்டும் என்பது புலப்படாது.

கல்லில் நிற்கும் ஊர்: திருவதிகை

பண்ருட்டி நகரை அடுத்துக் கெடில ஆற்றங்கரையில் அமைந்தது திருவதிகை. சிவபெருமானின் வீரச்செயல்கள் நிகழ்ந்தனவாகப் போற்றப்பெறும் அட்டவீரட்டங்களுள் இது முப்புரம் எரித்த தலமாகும். திருநாவுக்கரசர் சமண் சமயத்தினின்றும் நீங்கிச் சைவம் சார்ந்ததும், அவர் தமக்கையார் திலகவதியார் திருத்தொண்டு புரிந்து வாழ்ந்ததும் இவ்வூரிலேயே என்பது பெரியபுராணத்தால் அறியப்படுவது. அவர் பிறந்த திருவாமூரும் இவ்வட்டாரத்ததே.

இவ்வாற்றங்கரையின் வரலாற்றுக்கு முதற்கண் ஒளி தருவது ஒரு சமண நூலின் இறுதிக்குறிப்பாகும். உலகின் அமைப்பைக் கூறும் 'லோகவிபாகம்' என்னும் அந்நூலைப் பாடலிகை என்னும் ஊரில் சர்வநந்தி என்னும் முனிவர் படியெடுத்து முடித்தார் என்றும், அது காஞ்சி வேந்தன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டு என்றும், சக ஆண்டு 380 என்றும் அக்குறிப்பு உரைக்கின்றது. சக ஆண்டு 380 என்பது கி.பி. 458 ஆகும். பாடலிகை என்பது கெடிலம் கடலை அணுகும் இடத்துள்ள திருப்பாதிரிப்புலியூர் என அறிஞர் கொள்வர். ஓர் ஊரிலிருந்த துறவி தம் ஏட்டின் இறுதியில் எழுதி வைத்த இச்சிறு குறிப்பே தொடக்கப் பல்லவர் காலவரிசைக்கு அசையாத ஓர் ஆண்டினை நல்கிற்று. ஊரளவில் எழுந்த குறிப்பு பேரரசின் வரலாற்றைத் தாங்குதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

அடுத்து நோக்கத்தக்கது குணபரவீச்சரம். நாவுக்கரசரைத் துன்புறுத்திய பல்லவ வேந்தன் பின்னர்ச் சைவனாகி, பாடலியிலிருந்த சமணப் பள்ளிகளை இடித்து, அக்கல்லைக் கொணர்ந்து திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்பது சேக்கிழார் வாக்கு. நாவுக்கரசர் வாழ்ந்தது ஏழாம் நூற்றாண்டு; சேக்கிழார் வாழ்ந்ததோ பன்னிரண்டாம் நூற்றாண்டு. ஐந்நூறு ஆண்டுகட்குப் பின் எழுந்த கூற்றை அங்ஙனமே கொள்ளலாமோ எனின், அதனைத் தாங்கும் வேறு சான்றுகள் உள. குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப்பெயர். திருச்சிராப்பள்ளிக் குன்றிலுள்ள அவன் குடைவரைக் கல்வெட்டு, குணபரன் மாறான நெறியினின்றும் திரும்பி இலிங்கத்தைச் சார்ந்தமையைக் குறிப்பாற் சொல்லுகின்றது. குணபரவீச்சரம் என்னும் பெயர் தாங்கிய சிறுகோயில் திருவதிகையில் இன்றும் உள்ளது. இங்ஙனம் காப்பியம், கல்வெட்டு, ஊரில் வழங்கும் பெயர் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. இவற்றுள் முதலிரண்டும் நூலகத்திலேயே கிடைப்பன. மூன்றாவது ஊருக்குச் சென்றாலன்றிக் கிடைப்பதன்று.

முதற் குலோத்துங்க சோழனின் படைத்தலைவருள் ஒருவனாகிய நரலோகவீரன், மணவிற் கூத்தன் காலிங்கராயன் எனவும் வழங்கப்பெற்றவன். தில்லையிலும் அதிகையிலும் அவன் செய்த திருப்பணிகளை அவ்விரு கோயில்களிலும் பொறிக்கப்பெற்ற தமிழ்ப் பாடல்கள் நிரல்படக் கூறுகின்றன. அரசன் மெய்க்கீர்த்தியில் இடம்பெறாத பல செய்திகள் ஓர் அதிகாரியின் புகழ்ப்பாடல்களால் நமக்குக் கிடைக்கின்றன.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சோழப் பேரரசு தளர்ந்த காலத்தில், காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் இராசராசனைச் சிறைப்பிடித்துச் சேந்தமங்கலத்தில் வைத்தான். போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன், அப்பண்ணன், சமுத்திர கோப்பய்யன் என்னும் தண்டநாயகர் இருவரை ஏவி அவனை விடுவித்தான். இதனை விரித்துரைப்பது திருவயிந்திரபுரத்துப் பெருமாள் கோயிலில் உள்ள 1232-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. எபிகிராபியா இந்திகா ஏழாம் தொகுதியில் அது வெளியிடப்பெற்றுள்ளது. அக்கல்வெட்டை அரசியல் வரலாறு எழுதுவோர் சோழரின் வீழ்ச்சிக்குச் சான்றாகப் பயன்படுத்துவர். ஊர் வரலாறு எழுதுவோர்க்கோ அது வேறொன்றைக் காட்டும். படை சென்ற வழியில் அழிக்கப்பெற்ற ஊர்களின் பெயர்கள் அதில் வரிசையாக வருகின்றன; திருவதிகையும் அவ்வரிசையில் உண்டு. வென்றோன் புகழாகப் பொறிக்கப்பெற்ற அவ்வரிசை, குடிகளின் நோக்கிலிருந்து படிக்குங்கால் எரிந்த ஊர்களின் பட்டியலே ஆகும். ஊரை அழித்தவன் எழுதிய ஆவணமே அவ்வூர் இருந்தமைக்குச் சான்றாதல் பின்னரும் நாம் காணவிருக்கும் ஒரு நிலையாதலின், அதனை ஈண்டு மனங்கொள்ளுதல் தகும்.

அழிவின் பின்னும் அதிகை அறிவுக்களமாய்த் திகழ்ந்தது. மெய்கண்டாரின் மாணவரும் 'உண்மை விளக்கம்' இயற்றியவருமாகிய மனவாசகங்கடந்தார் இவ்வூரினர். 'சிவஞான சித்தியார்' அருளிய அருணந்தி சிவாசாரியார் வாழ்ந்த திருத்துறையூரும் இதற்கு அணித்தே உள்ளது. திருவதிகைக் கோயிற் சுற்றில் காணப்பெறும் புத்தர் திருவுருவம், சைவமும் சமணமும் மட்டுமன்றிப் பௌத்தமும் இவ்வட்டாரத்தே நிலவியமையை நினைவூட்டுகின்றது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதபோது திருவதிகைக் கோயில் கோட்டையாகப் பயன்பட்டது. 1750-இல் பிரெஞ்சுப் படை அதனைக் கைப்பற்றியது. முகம்மதலியின் படை அவ்வூரருகே தோல்வியுற்றது. 1753-இல் லாரன்ஸ் என்னும் ஆங்கிலத் தளபதி இங்குப் பாடியிறங்கிப் பிரெஞ்சுக்காரரை எதிர்த்தார். இராபர்ட்டு ஓர்மின் வரலாற்று நூலும் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பும் இக்காலத்துக்குரிய மூலங்களாகும். ஈண்டு மாணாக்கர்க்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆங்கில ஆவணங்களில் இவ்வூர் 'திருவதி' என்பது போன்ற சிதைந்த வடிவில் எழுதப்பெற்றுள்ளது. தஞ்சைப் பகுதியிலுள்ள திருவையாறும் அவ்வாவணங்களில் அதனையொத்த வடிவிலேயே வரும். இடமும் படைசென்ற வழியும் நோக்காது பெயரொன்றையே நம்புவோர் ஓர் ஊரின் போரை மற்றோர் ஊரில் நிகழ்த்திவிடுவர்.

இதுகாறும் கூறியவற்றால் திருவதிகை ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டு வரலாற்றைத் தொடர்ச்சியாகப் பெற்றுள்ளமை விளங்கும். அதற்குக் காரணம் கல்லின் உறுதியும் சமயத்தின் பற்றுமே. கல்வெட்டுத்துறையினர் மைப்படி எடுத்துள்ளனர். அறிஞர் பலர் ஆய்ந்துள்ளனர். இங்குச் செய்யவேண்டிய பணி இன்னும் உண்டேனும், அப்பணி நம்மைக் காத்திருக்கும் இயல்பினது.

கணக்கில் நிற்கும் ஊர்: பண்ருட்டி

திருவதிகை மூவர் பாடல் பெற்றது. பண்ருட்டி பாடல் பெற்ற தலமன்று. ஆயினும், இன்று திருவதிகையைத் தன்னுள் அடக்கி வழங்கும் பெயர் பண்ருட்டியே. சந்தையும் சாலையும் இருப்புப்பாதையும் ஓர் ஊரின் பெயரை எங்ஙனம் உயர்த்துகின்றன என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும். விழுப்புரத்திலிருந்து கடலூர் வழியே மயிலாடுதுறை செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த நிலையம் பண்ருட்டி என்னும் பெயரையே தாங்கியது. கோயிலால் அறியப்பெற்ற ஊர் பின்னிற்க, வாணிகத்தால் அறியப்பெற்ற ஊர் முன்வந்தது.

பண்ருட்டி என்னும் பெயரைப் பண்ணுருட்டி எனப் பிரித்து, நாவுக்கரசரின் பண்ணமைந்த பதிகங்களோடு இயைத்துப் பொருள் கூறுவர் சிலர். கேட்டற்கு இனிய விளக்கமே எனினும், ஆராய்ச்சி முறைக்கு இஃது இசையுமா என நோக்குதல் வேண்டும். திருப்பெரும்புதூரை அடுத்த ஒரகடம் பகுதியிலும் பண்ருட்டி என்னும் பெயருடைய ஊர் ஒன்று உள்ளது. ஒரே பெயர் ஈரிடத்து வழங்குமாயின், ஓரிடத்துக்கு மட்டுமே பொருந்தும் நிகழ்ச்சியைக் கொண்டு அதற்குப் பொருள் காணுதல் சாலாது. இரண்டிடத்துக்கும் பொதுவான நில இயல்பையோ தொழிலையோ நாடுதலே முறை. ஊர்ப்பெயராய்வில் ஈடுபடுவோர் ஓர் ஊரின் பெயரை ஆராயுமுன் அப்பெயருடைய ஊர்கள் அனைத்தையும் தொகுத்துக்கொள்ளல் இன்றியமையாதது.

பண்ருட்டியின் வரலாற்றுக்குரிய மூலங்கள் கோயிற் சுவரில் இல்லை, கணக்குகளில் உள்ளன. கார்ஸ்டின் 1878-இல் எழுதிய தென்னார்க்காடு மாவட்டக் கையேடும், பிரான்சிஸ் 1906-இல் வெளியிட்ட மாவட்ட விவரச்சுவடியும் முதற்கண் நோக்கத்தக்கன. அவற்றின் அடியில் இனாம் பதிவேடுகளும், நிலவரித்திட்டப் பதிவேடுகளும், புல வரைபடங்களும் உள்ளன. ஆயினும், ஆட்சியாளர் கணக்கு வரிக்கு உட்பட்டதையே எழுதும். ஊரின் உயிர்நாடியாகிய தொழிலை அறிய வேறு கணக்குகளையும் தேடுதல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டின் செம்மண் நிலங்களில் நிலக்கடலை பரவிற்று. புதுச்சேரித் துறைமுகம் வழியே பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. 1905-இல் பாலூரில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. முந்திரியோ பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொணர்ந்த மரம். இன்று பண்ருட்டியின் பெயரைச் சொல்லுங்கால் நினைவுக்கு வருவன பலாவும் முந்திரியுமே. அவற்றுள் ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலைக்குரிய தொன்மையான மரம்; மற்றொன்று கடல் கடந்து வந்து நானூறு ஆண்டுகளில் இம்மண்ணுக்குரியதாகிய மரம். ஓர் ஊரின் தனித்தன்மை எனப்படுவதும் வரலாற்றில் உருவாவதே என்பதை இவ்விரு மரங்களும் உணர்த்துகின்றன.

மரமும் ஆவணமாதல் உண்டு. பாலூர் நிலையத்தார் 1992-இல் வெளியிட்ட 'பாலூர் 1' என்னும் பலா வகை, பண்ருட்டியை அடுத்த பணிக்கன்குப்பத்தில் வளர்ந்த உள்ளூர்ப் பலாவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பெற்றது. உழவர் பல தலைமுறையாகச் சுவை பார்த்து விதை தேர்ந்து போற்றிய அறிவு அவ்வகையில் அடங்கியுள்ளது. அவ்வறிவை எழுதி வைத்தோர் இலர். 2011 திசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த 'தானே' புயல் இவ்வட்டாரத்துப் பலாவையும் முந்திரியையும் பெருமளவில் வீழ்த்திற்று. பெரிய பலாமரம் ஒன்று விழுந்தபோது, அதனை நட்ட பாட்டனார் பெயரும், விதை வந்த ஊரும், அதன் பழத்தை வாங்கிய மண்டியும் பற்றிய செய்திகளும் உடன் மறையும் நிலை ஏற்பட்டது. பழமரத்தை நிழலுக்கும் வருவாய்க்கும் உரியதெனக் கருதினோமேயன்றி, குடும்ப வரலாற்றின் ஏடாகக் கருதிற்றிலோம்.

வணிகர்தம் பேரேடுகளும் நாள்வழிக் கணக்குகளும் மண்டிகளின் சிட்டைகளும் இத்தகையனவே. எவ்வூர் உழவர் எவ்வூர் மண்டிக்குச் சரக்குக் கொணர்ந்தனர், விலை எங்ஙனம் ஏறி இறங்கிற்று, கடன் எவ்வகையில் தீர்ந்தது என்பவற்றை அக்கணக்குகளே கூறவல்லன. வீடு பிரியும்போதும் கடை மாறும்போதும் அவை பழந்தாளாக எடைக்குச் செல்கின்றன. முந்திரிக்கொட்டை உடைக்கும் மகளிரின் தொழில் வரலாறோ எக்கணக்கிலும் முழுமையாக ஏறிற்றில்லை. கொட்டையின் எண்ணெய் பட்டுக் கருத்த கைகளையுடைய அவர்தம் கூலியும் வேலை நேரமும் தொழிற்சொற்களும் அவர் வாய்மொழியாலேயே அறியத்தக்கன. கொலுவுக்குரிய மண்பொம்மை செய்வோர் தொழிலும் அவ்வாறே. ஆகவே பண்ருட்டியின் வரலாறு கணக்கில் ஒரு பகுதியும் வாய்மொழியில் ஒரு பகுதியுமாக நிற்கின்றது. கல்லைப் போல இது காத்திராது. எனினும், ஓரிரு தலைமுறைக் காலம் நமக்கு எஞ்சியுள்ளது எனலாம்.

நினைவில் நிற்கும் ஊர்: நெய்வேலி நிலத்து ஊர்கள்

பண்ருட்டியின் தெற்கே பரந்துள்ள செம்மண் மேட்டுநிலத்தின் மேற்பரப்பில் முந்திரியும், அடியாழத்தில் பழுப்பு நிலக்கரியும் உள்ளன. 1930-களில் நெய்வேலி நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்றுக்காகத் துளையிட்டபோது கருநிறப் பொருள் வெளிப்பட்டதே கண்டுபிடிப்பின் தொடக்கமாகக் கூறப்பெறுகின்றது. 1940-களில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையினர் துளையிட்டு ஆராய்ந்தனர். 1956 நவம்பர் 14-இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு பெற்றது. 1957 மே 20-இல் தலைமை அமைச்சர் நேரு சுரங்கப்பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரி வெளிப்பட்டது. 1962-இல் சோவியத்து நாட்டின் உதவியோடு அமைந்த அனல்மின் நிலையத்தின் முதற்பிரிவு இயங்கத் தொடங்கிற்று. தமிழ்நாட்டின் தொழில் வளர்ச்சிக்கு நெய்வேலி ஆற்றிய தொண்டு பெரிது. அதனை மறுத்தல் எம் கருத்தன்று. அவ்வளர்ச்சியின் வரலாறு நிறுவன அறிக்கைகளிலும் அரசாங்க ஏடுகளிலும் செவ்வனே எழுதப்பெற்றுள்ளது. நாம் கேட்பது, அந்நிலத்தில் முன்னிருந்த ஊர்களின் வரலாறு எங்கு எழுதப்பெற்றுள்ளது என்பதே.

திறந்தவெளிச் சுரங்கம் ஏனைய மாற்றங்களைப் போன்றதன்று. போரில் எரிந்த ஊர் மீண்டும் அவ்விடத்தே எழக்கூடும். புயலில் சாய்ந்த தோப்பு மீண்டும் தளிர்க்கும். ஐம்பது மீட்டருக்கும் மேற்பட்ட மண் அகற்றப்பெறும் இடத்திலோ ஊரும் வழியும் ஏரியும் மட்டுமன்று, அவை நின்ற நிலமே இல்லையாகின்றது. ஹாஸ்கின்ஸ் கூறியவாறு நிலத்தை ஏடாகப் படிப்பதற்கு ஏடே எஞ்சுவதில்லை. பண்ருட்டி வட்டத்து மருங்கூரில் தமிழ்நாடு அரசு தொல்லியல்துறை 2024-இல் தொடங்கிய அகழாய்வில் ரூலெட்டு வகைப் பானையோடுகளும் முதலாம் இராசராசன் காலச் செப்புக்காசும் கிடைத்தன. இவ்வட்டாரத்து எளிய சிற்றூர்களின் மண்ணில் எத்தகைய தொன்மை மறைந்திருத்தல் கூடும் என்பதற்கு மருங்கூர் சான்றாகும். அகழாய்வாளரின் சிறுகொத்து செல்லுமுன் பெரும்பொறி சென்ற இடங்களில் அத்தொன்மையை இனி மீட்டல் இயலாது.

பெயர்களும் மாறின. நெய்வேலி என்பதில் வேலி என்னும் ஈறும், வில்லுடையான்பட்டு என்பதில் பட்டு என்னும் ஈறும், மந்தாரக்குப்பம் என்பதில் குப்பம் என்னும் ஈறும் பழைய குடியிருப்பு முறையைக் காட்டுவன. திட்டமிட்டு அமைக்கப்பெற்ற நெய்வேலி நகரியமோ எண்ணிட்ட வட்டங்களாகப் பகுக்கப்பெற்றது. நகரியத்தின் ஒழுங்குக்கு எண் ஏற்றதே. எனினும், எண்ணுக்குப் பின்னால் மறைந்த பெயரைத் தொகுத்தல் தமிழாய்வாளர் கடனாகும். நகரியத்துள் இன்றும் வழிபாட்டோடு திகழும் வில்லுடையான்பட்டு முருகன் கோயில், பழைய ஊர் ஒன்றின் பெயரைப் பங்குனி உத்திரந்தோறும் மக்கள் நாவில் நிலைபெறச் செய்கின்றது. கோயில் இருந்தமையால் அப்பெயர் பிழைத்தது. கோயில் இல்லாத பெயர்கட்கு அந்நற்பேறு இல்லை.

அதே ஆண்டுகளில் உலகின் மற்றொரு கோடியில் இதனை ஒத்த நிகழ்ச்சி ஒன்று நடந்தது. கனடா நாட்டு ஒண்டாரியோ மாநிலத்தில், கார்ன்வால் நகரை அடுத்த செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் கரையிலிருந்த ஊர்கள், கப்பல் வழியும் மின் நிலையமும் அமைத்தற்பொருட்டு, 1958 சூலை 1-ஆம் நாள் நீரில் மூழ்குவிக்கப்பெற்றன. ஏறத்தாழ 6,500 மக்கள் புதிய ஊர்களில் குடியேற்றப்பெற்றனர். 'மறைந்த ஊர்கள்' என்றே அவை இன்று வழங்கப்பெறுகின்றன. அவ்வூரினர் 1977-இல் வரலாற்றுக் கழகம் ஒன்றை அமைத்து, பழைய கட்டடங்கள் சிலவற்றையும், ஒளிப்படங்களையும், முதியோர் நினைவுகளையும் திரட்டி ஓர் அருங்காட்சியகத்தை உருவாக்கினர். ஊர் மறைந்து இருபது ஆண்டுகள் ஆகுமுன் அப்பணி தொடங்கியமையால், ஊரில் வளர்ந்தோரே சாட்சி கூற முடிந்தது. நெய்வேலியில் முதற்சுரங்கம் தொடங்கி அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. 1957-இல் பதினைந்து அகவையினராய் இருந்தோர் இன்று எண்பதைக் கடந்தோர். இக்கணக்கொன்றே நாம் விரைய வேண்டியமையைக் கூறும்.

நிலம் கொள்ளுதல் பழங்கதையுமன்று. 2023 சூலையில் வளையமாதேவி ஊரில் இரண்டாம் சுரங்கத்திற்கான கால்வாய்ப் பணிக்காகப் பயிர் நின்ற வயல்களில் மண்வாரிப் பொறிகள் இறங்கியபோது எழுந்த கிளர்ச்சியை நாடு அறியும். அவ்வழக்கின் நன்மை தீமைகளை உரைத்தல் இவ்விதழின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆனால், ஓர் ஊர் இடம்பெயரவிருக்கின்றது என்பது தெரிந்தவுடனே அவ்வூரின் வரலாற்றை எழுதி வைத்தல் இவ்விதழ் படிப்போரின் எல்லைக்கு உட்பட்டதே ஆகும்.

ஆராய்ச்சி முறை

இனி, செய்யத்தக்க பணிகளை முறைப்படுத்திக் கூறுவாம்.

முதலாவது, நிலமெடுப்புத் தீர்வாணைகளைத் தேடித் தொகுத்தல். 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நிலம் கொள்ளப்பெற்றபோது, புல எண், பரப்பு, உரிமையாளர் பெயர், மரம், கிணறு, கட்டடம் ஆகியவற்றுக்கு மதிப்பிட்டு இழப்பீடு வரையறுக்கப்பெற்றது. ஆகவே, ஊரை நீக்கிய அக்கோப்பே ஊரின் இறுதி வருணனையாகவும் அமைந்துள்ளது. திருவயிந்திரபுரக் கல்வெட்டில் நாம் கண்ட நிலை ஈண்டும் உளதாதல் காண்க. இக்கோப்புகளைப் பழைய புல வரைபடத்தோடு பொருத்தின், மறைந்த ஊரின் அமைப்பைத் தாளில் மீண்டும் வரைதல் இயலும். ஆட்சிக்காலம் முடிந்த கோப்புகள் அழிக்கப்பெறுமுன் அவற்றைப் படியெடுத்தல் வேண்டும். 1993-இல் தென்னார்க்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தமையால், பழைய கோப்புகளைக் கடலூர், விழுப்புரம் ஆகிய ஈரிடத்தும் தேடுதல் நலம்.

இரண்டாவது, அக்கோப்புகளின் குறையை அறிந்து நிரப்புதல். இழப்பீட்டுக் கணக்கு நிலமுடையோரையே பெயர் சுட்டிக் கூறும். பட்டா இல்லாத உழவுத் தொழிலாளர், குத்தகையாளர், ஊர்த்தொழில் செய்வோர், சேரியில் வாழ்ந்தோர் ஆகியோரின் வாழ்வு அதில் பதிவதன்று. ஊரில் மட்டும் கேட்டுச் சேரியில் கேளாது எழுதப்பெறும் வரலாறு பாதி வரலாறே ஆகும். நிலத்தை இழந்தோர்க்குத் தாளேனும் உண்டு. நிலமின்றி ஊரை இழந்தோர்க்கு நினைவன்றி வேறில்லை. எனவே, வாய்மொழித் தொகுப்பு இவர்களிடமிருந்தே தொடங்குதல் வேண்டும்.

மூன்றாவது, குலதெய்வ வழிபாட்டை ஆய்வுக்குத் துணையாகக் கொள்ளுதல். பல ஊர்களிலும் சிதறிய குடும்பங்கள் குலதெய்வத்தின் திருநாளில் ஒன்றுகூடுதல் தமிழர் வழக்கம். கோயில் இடம் மாறினும் வரியும் முறையும் யார் யார்க்கு உரியன என்பது மாறாது நினைக்கப்பெறும். வரி செலுத்துவோர் பட்டியல் ஒன்றைப் பெற்றால், மறைந்த ஊரின் குடிவழிப் பட்டியலைப் பெற்றவராவோம்.

நான்காவது, புலப்பெயர்களைத் தொகுத்தல். ஊர்ப்பெயர் அரசாங்க ஏட்டில் நிற்கும். ஆனால் ஒவ்வொரு கொல்லைக்கும், கரைக்கும், மேட்டுக்கும், தோப்புக்கும் மக்கள் வழங்கிய பெயர்கள் புல எண் வந்தபோதே ஏட்டை விட்டு நீங்கின. வாய்மொழியில் மட்டும் வாழ்ந்தன. பழைய வரைபடத்தை முதியோர் முன் விரித்து, அவர் கூறும் பெயர்களை அவ்வவ்விடத்தே எழுதிக்கொள்ளல் எளிய வழியாகும். மொழியாய்வுக்கும் இத்தொகுப்பு பெரிதும் பயன்படும். நடுநாட்டு வழக்குச்சொற்கள் பல இப்பெயர்களில் பொதிந்துள்ளன.

ஐந்தாவது, பேணுதல். திரட்டியவற்றை ஒருவர் வீட்டில் ஒரே படியாக வைத்தல் திரட்டாமைக்கு ஒப்பாகும். ஒரு படி பண்ருட்டியிலோ நெய்வேலியிலோ உள்ள பொதுநூலகத்திலும், ஒரு படி பல்கலைக்கழகத்திலும், ஒரு படி சென்னையிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்திலும் இருத்தல் வேண்டும். கூறியவர் பெயர், ஊர், அகவை, கூறிய நாள் ஆகியன குறிக்கப்பெறுதல் வேண்டும். அவர் இசைவு பெறாது எதனையும் வெளியிடலாகாது. கல்வெட்டைப் படியெடுப்போர் சிதைந்த எழுத்தைச் சிதைந்ததாகவே காட்டுவதுபோல, வாய்மொழியைப் பதிவோரும் முரண்பட்ட கூற்றுகளை இணக்கித் திருத்தாது உள்ளவாறே எழுதுதல் வேண்டும். முரண்பாடுகளை ஆய்ந்து தெளிதல் பின்வருவோர் பணி.

முடிவுரை

திருவதிகை, பண்ருட்டி, நெய்வேலி நிலத்து ஊர்கள் ஆகிய மூன்றையும் ஒருங்கு நோக்கினோம். முதலாவதன் சான்று கல்லில் உள்ளது; நூற்றாண்டுகள் காத்திருந்தது, இன்னும் காத்திருக்கும். இரண்டாவதன் சான்று தாளிலும் மரத்திலும் தொழிலாளர் கையிலும் உள்ளது. சில காலம் காத்திருக்கும். மூன்றாவதன் சான்று எண்பது அகவை கடந்தோர் நினைவில் உள்ளது, அது காத்திராது. நம் ஆராய்ச்சி உழைப்போ பெரும்பான்மையும் காத்திருக்கும் கல்லின்மீதே சென்றுள்ளது. கல்லாய்வைக் குறைக்க வேண்டும் என்பது எம் கருத்தன்று. பணிகளின் வரிசையை மாற்றுதல் வேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது.

முதுகலை மாணாக்கர் ஒவ்வொருவரும் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுங்கால், தம் ஊரிலோ அண்டை ஊரிலோ இவ்வாறு மறையவிருக்கும் சான்று யாது என முதற்கண் வினவிக்கொள்வாராக. பேரரசின் காலவரிசையை ஒரு துறவியின் ஏட்டுக்குறிப்பு நிலைநிறுத்தியது போல, இன்று ஒரு முதியவரிடம் கேட்டெழுதும் புலப்பெயர் ஒன்று நாளை எவ்வாராய்ச்சிக்குத் துணையாகும் என்பதை எவரும் முன்னறிந்து கூறல் இயலாது. எழுதி வைத்தல் ஒன்றே நம் கையில் உள்ளது.